திருப்பிச் சொல்லாத கட்டளை

கீழத்தெருவிலிருந்து கப்பலுக்குப் போன முதல் ஆள் வைரக்கண்ணுதான். அதற்கு முன்னால் அந்தத் தெருவில் யாரும் கடலைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போன இரண்டு மூன்று பேர் முழங்கால் வரை நனைத்துவிட்டு வந்ததோடு சரி. பாபநாசத்துக்குத் தெற்கே, குடமுருட்டி ஆற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் ஊர். தண்ணீர் வந்தால் நடவு, வராவிட்டால் அரைவயிறு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குறுவைக்குத் தண்ணீர் வருவது நிச்சயமில்லாமல் போனபோது, இளவட்டங்கள் ஆளுக்கொரு திசையாகக் கிளம்பினார்கள். திருப்பூருக்குப் பலர், சிங்கப்பூருக்குச் சிலர். வைரக்கண்ணு பத்தாவது பாஸ். நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவன், அங்கே பழக்கமான ஏஜென்ட் ஒருவர் மூலமாகச் சென்னைக்குப் போய்ப் பயிற்சி முடித்து, வெளிநாட்டுக் கொடி போட்ட சரக்குக் கப்பல் ஒன்றில் ஏறினான். அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. செவ்வந்தியைக் கட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

முதல் இரண்டு வருஷம் துரு சுரண்டினான், பெயின்ட் அடித்தான், கயிறு இழுத்தான். கப்பலின் சொற்களெல்லாம் அவனுக்கு அப்போதுதான் பழகின. இடது பக்கத்தை இடது என்று சொல்லக்கூடாது, போர்ட். வலது பக்கம் ஸ்டார்போர்ட். சரக்கு கொட்டும் பள்ளம் ஹோல்ட், அதன் மூடி ஹேட்ச். கப்பலை ஓட்டும் உயரமான அறைக்குப் பெயர் பிரிட்ஜ். சமையல்காரர் ஜெகபர் அலி நாகூர்க்காரர். கப்பலில் அவனைத் தவிரத் தமிழ் பேசிய ஒரே ஆள். அவர் தகப்பனார் தோணியில் போனவர் என்பதால் அவரிடம் வேறு சொற்கள் இருந்தன. கப்பலின் முன்பக்கத்தை அணியம் என்பார், பின்பக்கத்தை அமரம் என்பார், திசை திருப்பும் சக்கரத்தைச் சுக்கான் என்பார்.

"ஒனக்குக் கை நல்ல கை, வைரம்," என்றார் ஒருநாள். "ஒன்னச் சுக்கானுக்குப் போடப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. ஆனா வாய்தான் கொழுக்கட்டை அடச்ச மாதிரி இருக்கு. அங்க வாய் வேணும்."

சொன்னபடியே சுக்கானுக்குப் போட்டார்கள். நடுக்கடலில் கப்பலை இயந்திரமே ஓட்டிக்கொள்ளும். துறைமுகம் நெருங்கும்போதும், ஆற்றுமுகத்திலும், படகுகள் நெருக்கும் இடத்திலும் ஓர் ஆள் நின்று சக்கரத்தைப் பிடிக்க வேண்டும். வைரக்கண்ணு பிடித்தால் கப்பலுக்குப் பின்னால் நுரை ஒரே கோடாக, நல்ல உழவன் ஓட்டிய முதல் சால் போல நீளும். அதில் யாருக்கும் குறை இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது.

சுக்கான் பிடிப்பவனுக்கு ஒரு விதி உண்டு. மேலதிகாரி "போர்ட் டென்" என்று கட்டளை கொடுத்தால், அதாவது இடப்பக்கம் பத்து டிகிரி என்று சொன்னால், உடனே சக்கரத்தைத் தொடக்கூடாது. முதலில் "போர்ட் டென்" என்று அதே சொல்லை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். திருப்பி முடித்ததும் இன்னொரு தரம் சொல்ல வேண்டும். வைரக்கண்ணு சரியாகத் திருப்பினான். தலையையும் ஆட்டினான். வாயை மட்டும் திறக்கவில்லை.

செகண்ட் மேட் என்கிற இளைய அதிகாரி ஒரு மலையாளி, ஓரளவு தமிழ் பேசுவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"வைரக்கண்ணு, நான் சொன்னது கேட்டோ?"

"கேட்டுச்சு சார்."

"பின்னே ஏன் திருப்பிச் சொல்றதில்லை? நீ சொன்னாத்தானே நான் சரியாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியும். மனுஷன்தானே, வாய் தவறிப் போகும். உன் வாய் வழியா நான் கேட்டாத் திருத்திக்கலாம். அதுக்குத்தான் இந்த ரூல்."

வைரக்கண்ணு அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தான். அதிகாரி தப்பாகச் சொல்லக்கூடும் என்பதற்காகவே ஒரு விதியா? அப்படி ஒன்றை அவன் கேள்விப்பட்டதே இல்லை.

அவன் வளர்ந்த இடத்தில் விதி நேர் எதிராக இருந்தது. பத்து வயதில் அப்பாவோடு பண்ணைக்குப் போயிருந்தபோது, காரியக்காரர் வரப்பில் நின்று "நாலாவது மடையைத் திறந்து விடுடா" என்றார். சரியாகக் காதில் விழுந்ததா என்று தெரிந்துகொள்ள, "நாலாவது மடையவாங்க?" என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான். கையிலிருந்த குடைக்காம்பு காதோரம் இறங்கியது. "நான் சொன்னதையே எனக்குப் படிச்சுக் காட்டுறியா? நக்கலா?" பெரியவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்வது அந்த ஊரில் எதிர்ப்பேச்சு. அப்பா சேற்றிலிருந்து நிமிரக்கூட இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று மட்டும் சொன்னார்: "அவங்க சொன்னாத் தலைய ஆட்டு, கைய ஆட்டு, வாய மட்டும் ஆட்டாத." தப்பான மடையைத் திறக்கச் சொன்னாலும் திறந்துவிட்டு, பயிர் மூழ்கிய பிறகு ஏச்சையும் வாங்கிக்கொள்வதுதான் அங்கே மரியாதை. அதற்குப் பிறகு காலம் எவ்வளவோ மாறியது. சங்கம் வந்தது, கூலி ஏறியது, காரியக்காரரும் மண்டையைப் போட்டார். வைரக்கண்ணுவின் தொண்டைக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை.

விடுமுறைக்கு வந்தபோது செவ்வந்தியிடம் சொன்னான். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கட்டளைகளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். கொல்லையில் அவனை நிற்கவைத்து, கையில் முறத்தைச் சக்கரமாகக் கொடுத்து, பின்னால் நின்று படித்தாள்.

"ஸ்டார்போர்ட் டென்!"

"ஸ்டார்போர்ட் டென்."

"மாமா, இது யாருக்குக் கேக்கும்? மேயிற கோழி தலையத் தூக்கல. இன்னொரு தரம்."

"ஸ்டார்போர்ட் டென்!"

"மிட்ஷிப்ஸ்! அப்படின்னா என்ன மாமா?"

"சக்கரத்த நடுவுல கொண்டாந்து நிறுத்தறது."

"வெளக்கம் அப்புறம். மொதல்ல திருப்பிச் சொல்லுங்க!"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அம்சம் எட்டிப் பார்த்தாள். "என்னடி, பட்டப்பகல்ல புருஷனுக்கு மந்திரிச்சு விடுறியா?"

"ஆமாக்கா. கப்பல்ல ஊமையா நிக்கிறாராம். வாயத் தொறக்க வேப்பெல அடிக்கிறேன்."

"ஊமையா இருந்தா நல்லதுதானடி. ஏன்டி வம்ப வெல குடுத்து வாங்குற?"

சிரித்தார்கள். ஒரு வாரத்தில் வைரக்கண்ணுவின் குரல் வாய்க்கால் வரை கேட்டது. ஆனாலும் கிளம்புவதற்கு முதல்நாள் முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னான்: "இங்க கத்துறேன் புள்ள. அங்க மூஞ்சியப் பாத்தா வரல."

"யார் மூஞ்சிய?"

"கேப்டன் மூஞ்சிய."

"அப்ப மூஞ்சியப் பாக்காதீங்க. கடலப் பாத்துச் சொல்லுங்க."

நல்ல யோசனைதான். மூன்றாவது பயணத்தில் அது பலித்தது. கடலைப் பார்த்தபடி, செவ்வந்தி கொல்லையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, செகண்ட் மேட் சொன்னதைத் திருப்பிச் சொன்னான். அவர் முதுகில் தட்டினார். அந்தக் குரல் அப்படியே நிலைத்திருக்கும். ஆனால் தொண்ணூற்றெட்டில் புதிய கேப்டன் வந்தார்.

வேலை தெரிந்தவர், முன்கோபி. பிரிட்ஜில் சத்தம் அவருக்கு ஆகாது. முதல்நாள் வைரக்கண்ணு உரக்கத் திருப்பிச் சொன்னபோது, ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி, ஈ விரட்டுவது போல ஆட்டினார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வைரக்கண்ணுவுக்கு அந்தக் கை போதுமானதாக இருந்தது. மறுநாள் முனகினான். அதற்கடுத்த நாள் உதடு மட்டும் அசைந்தது. ஒரு மாதத்தில் பழையபடி தலையாட்டினான். கேப்டனுக்கு அது பிடித்துவிட்டது. துறைமுகம் வந்தால் வைரக்கண்ணுவைக் கூப்பிடு என்பார். செகண்ட் மேட் ஒருமுறை விதியைப் பற்றி ஏதோ சொன்னார். "அவன் கையைப் பார், வாயைப் பார்க்காதே" என்று கேப்டன் சொல்லி முடித்துவிட்டார். அதைக் கேட்டு வைரக்கண்ணுவுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. பின்னாளில் அவனை அதிகம் அரித்தது அந்தப் பெருமைதான்.

அது ஒரு காலைப் பொழுது, ஒன்பது மணி இருக்கும். தூரதேசத்து ஆற்றுமுகம் ஒன்றை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியும் மூட்டம் கலையவில்லை. எதிரே வருவதைப் பார்த்துச் சொல்ல நிறுத்தியிருந்த ஆள், துறைமுக வழிகாட்டி ஏறுவதற்கான ஏணியை இறக்கக் கீழே போயிருந்தான். செகண்ட் மேட் பின்னால் திரைக்கு உள்ளே வரைபட மேசையில் இருந்தார். கேப்டன் ரேடியோவைக் காதோரம் வைத்துக்கொண்டு கரையில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்.

மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு மீன்பிடிப் படகு வெளிப்பட்டது. அணியத்துக்குச் சற்று இடப்பக்கமாக. இயந்திரம் நின்றுபோன படகு என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஒருவர் எழுந்து நின்று சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தார். மற்ற இருவர் குனிந்து எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

வலப்பக்கம் திருப்ப வேண்டும். நேரமும் இருந்தது.

கேப்டன் தலையைத் தூக்கிப் பார்த்தார். ரேடியோவை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "போர்ட் ட்வென்டி."

இடப்பக்கம் இருபது. படகு இருக்கும் பக்கம்.

வைரக்கண்ணுவின் கை ஒரு கணம் நின்றது. திருப்பிச் சொன்னால் போதும். "போர்ட் ட்வென்டி, சார்" என்று அந்த அறைக்குள் ஒலித்திருந்தால், சொன்னவர் காதிலேயே அது விழுந்திருக்கும். அவன் வாய் திறந்ததா இல்லையா என்பதே பிறகு அவனுக்கு நினைவில்லை. பெரியவருக்குத் தெரியாததா, நமக்குத் தெரியாத கணக்கு ஏதாவது இருக்கும் என்று ஓர் எண்ணம் குறுக்கே ஓடியது மட்டும் நினைவிருந்தது. தலையை ஆட்டினான். சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினான். சுத்தமாக, இருபது டிகிரி, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

கேப்டன் மறுபடி நிமிர்ந்தபோது அணியம் படகை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "ஹார்ட் ஸ்டார்போர்ட்!" என்று அலறினார். வைரக்கண்ணு சக்கரத்தை வலது கோடிக்குச் சுழற்றினான். இருபதாயிரம் டன் கப்பல் அப்படிச் சட்டென்று கேட்காது. படகு அணியத்துக்குக் கீழே மறைந்தது. மேலே, பிரிட்ஜில், ஒரு சின்ன அதிர்வுகூடத் தெரியவில்லை.

உயிர்காக்கும் படகை இறக்கித் தேடினார்கள். நீலநிற பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று மிதந்தது, வலைக்கட்டு ஒன்று. ஒரு மனிதர் கிடைத்தார். ஐம்பது வயது இருக்கும். கம்பளி போர்த்திச் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்தார்கள். ஜெகபர் அலி தேநீர் கொண்டுவந்து கையில் வைத்தார். அந்த மனிதர் குடிக்கவில்லை. உள்ளே வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, இரண்டு சொற்களைச் சொன்னார். யாருக்கும் அந்த மொழி தெரியாது. மறுபடி அதே இரண்டு சொற்கள். பெயர்கள் என்று வாசலில் நின்ற வைரக்கண்ணுவுக்குப் புரிந்தது. காவல் படகு வந்து அவரை அழைத்துப் போகும்வரை அவர் நிறுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து விசாரணை வைத்தார்கள். கம்பெனியிலிருந்து ஓர் ஆள் கோப்போடு வந்திருந்தார். சுக்கான் பிடித்தவனுக்கு ஆங்கிலம் போதாது என்பதால் ஜெகபர் அலி மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் சமையலறையில் வெங்காயம் நறுக்கியபடி அவர் சொன்னார்:

"கேளு வைரம். ஸ்டார்போர்ட்தான் சொன்னேன்னு கேப்டன் எழுதிக் குடுத்துட்டாரு. செகண்ட் மேட் காதுல எதுவும் விழலங்கறாரு. ஒன்னய ரெண்டு கேள்வி கேப்பாங்க. என்ன ஆர்டர்னு கேட்டா நெனவு இல்லன்னுடு. படகப் பாத்தியான்னு கேட்டாப் பாக்கலன்னுடு. மூட்டம்னு எழுதிக்குவாங்க. ஒனக்கு அடுத்த கப்பல் கெடைக்கும்."

"நான் பாத்தேனே, பாய்."

"பாத்தத யாரு பாத்தா?"

ஜெகபர் அலி கத்தியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த ரெண்டு பேரும் போயிட்டாங்கடா. நீ வாயத் தொறந்தா அவங்க எந்திரிச்சு வரப் போறதில்ல. ஒம் பொழப்புத்தான் போகும். ஒம் பொண்டாட்டிய நெனச்சுக்க."

அதிகாரிகளின் உணவறையில் நீண்ட மேசை. எதிரே கேப்டன், வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம். அவர் வைரக்கண்ணுவைப் பார்த்தார். மிரட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். எந்தப் பார்வைக்கு எது பதில் என்று இவனுக்குத் தெரியும் என்கிற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது.

"ஒனக்கு வந்த ஆர்டர் என்னன்னு கேக்குறாரு," என்றார் ஜெகபர் அலி.

வைரக்கண்ணு கேப்டனின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "போர்ட் ட்வென்டி, சார்."

அறைக்கு அது மிகப் பெரிய குரல். பரிமாறிக்கொண்டிருந்தவன் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினான். கேப்டனின் கழுத்து சிவந்தது. கம்பெனி ஆள் எழுதிக்கொண்டார்.

"அந்த ஆர்டரத் திருப்பிச் சொன்னியான்னு கேக்குறாரு."

"இல்ல."

"ஏன் சொல்லலன்னு கேக்குறாரு."

வைரக்கண்ணு யோசித்தான். எங்கிருந்து தொடங்குவது? வரப்பிலிருந்தா, கையாட்டலிலிருந்தா? இரண்டு மூன்று வாக்கியம் முயன்றான், எதுவும் முடியவில்லை. "எங்க ஊர்ல பெரியவங்க சொன்னதத் திருப்பிச் சொன்னா..." என்று நிறுத்தினான். ஜெகபர் அலி ஆங்கிலத்தில் ஒற்றை வார்த்தை சொன்னார்.

"என்ன பாய் சொன்னீங்க?"

"பயம்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

அதுவும் பொய்யில்லை. கம்பெனி ஆள் பக்கத்தைப் புரட்டினார். கடைசிக் கேள்வி. ஜெகபர் அலி அதைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்தி, வேண்டிக்கொள்வது போலக் கேட்டார்: "சக்கரத்தத் திருப்பும்போது படகப் பாத்தியா?"

"பாத்தேன்."

"வைரம்."

"பாத்தேன், பாய். சட்டைய வீசுனாரு. அதையும் சொல்லுங்க. திருப்பிச் சொல்லியிருந்தா கேப்டன் திருத்தியிருப்பாரு. அவரு தப்பாச் சொன்னாரு. நான் தப்புன்னு தெரிஞ்சே திருப்புனேன். ரெண்டும் நடந்துச்சு."

ஜெகபர் அலி இந்த முறை எதையும் சுருக்கவில்லை. மாலையில் தட்டச்சு செய்த காகிதம் வந்தது. படிக்கச் சொல்லிக் கேட்டான். அவன் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. ஸ்டார்போர்ட்தான் சொன்னேன் என்று கேப்டன் சொன்னதும் இருந்தது. கையெழுத்துப் போட்டான்.

அடுத்த துறைமுகத்தில் அவனை இறக்கி விமானத்தில் ஏற்றினார்கள். கேப்டனை வேறு கப்பலுக்கு மாற்றியதாகப் பிறகு ஜெகபர் அலி எழுதினார். வைரக்கண்ணுவின் கப்பல் புத்தகம் திரும்பி வரவில்லை. அது இல்லாமல் எந்தக் கப்பலிலும் ஏற முடியாது. சென்னையில் ஏஜென்ட் நாற்காலியைக்கூடக் காட்டவில்லை. "படகப் பாத்துக்கிட்டே மோதினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவனுக்கு எவன்யா வேல குடுப்பான்?" என்றார்.

ஊருக்கு வந்து செவ்வந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னான், ஒன்று விடாமல். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். இடையில் ஒரு இடத்தில் முறம் நின்றது, பிறகு மறுபடி ஓடியது. முடிந்ததும் அரிசியைப் பானையில் கொட்டினாள். ஆறுதல் சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை. கடைசியில் ஒன்று கேட்டாள்.

"அந்த ரெண்டு பேருக்கும் பேரு என்ன?"

"தெரியல."

"அந்த மனுசர் சொன்னாருங்கறீங்க."

"சொன்னாரு. பத்துத் தடவ சொல்லியிருப்பாரு. வாய்க்குள்ள வாங்கிக்கல புள்ள. போயிடுச்சு."

அதன்பிறகு வைரக்கண்ணு அறுவடை மெஷின் ஓட்டப் பழகினான். சம்பா அறுப்புக்கு வெளியூரிலிருந்து வரும் மெஷின்களோடு தஞ்சாவூர், மன்னார்குடி என்று சுற்றினான். தெருவில் அவனைக் கப்பல்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் மறுக்கவில்லை. கப்பலைப் பற்றிக் கேட்டால், படகில் மோதியதைச் சொல்வான். கேட்டவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அம்சம்கூட ஒருமுறை செவ்வந்தியிடம் சொன்னாள்: "இதெல்லாம் வெளிய சொல்ற விசயமாடி? ஒம் புருஷன் வாய மூடச் சொல்லு." செவ்வந்தி சொல்லவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் ஆடி அமாவாசைக்கு இருவரும் திருவையாறு போனார்கள். அந்த வருஷமும் காவிரியில் தண்ணீர் இல்லை. படித்துறைக்குக் கீழே மணல்தான் கிடந்தது. குழாய் போட்டு மேலிருந்து தண்ணீர் விட்டிருந்தார்கள், ஜனங்கள் வரிசையில் நின்று நனைந்தார்கள். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்தான். எழுந்திருக்கவில்லை.

"அவங்களுக்கும் விடணும்னு நெனச்சேன்," என்றான்.

"விடுங்க. பேரு இல்லாட்டி என்ன, படகுல போன ரெண்டு பேருன்னு சொல்லுங்க."

அவன் உள்ளங்கையில் எள்ளை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். எள்ளை மறுபடி காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

ஊருக்கு வந்ததும் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினான். இறந்துபோன இரண்டு பேரின் பெயர் வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். பதில் இல்லை. அடுத்த வருஷம் ஒன்று, அதற்கடுத்த வருஷம் ஒன்று. நான்காவது கடிதம், அந்த முகவரியில் அப்படி ஓர் அலுவலகம் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. வைரக்கண்ணு நாகூருக்குப் பஸ் ஏறி, வேலையை விட்டு வீட்டோடு இருந்த ஜெகபர் அலியிடம் புது முகவரி கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. அந்த ஆற்றுமுகத்துத் துறைமுகத்தின் பெயர் மட்டும் அவருக்கு நினைவிருந்தது. அதை ஒரு பீடிக்கட்டின் உறையில் எழுதிக் கொடுத்தார். ஐந்தாவது கடிதம் அந்தத் துறைமுகத்துக்கே போனது, யாருடைய பெயரும் போடாமல்.